முட்டி வரைக்கும்

காலில் ரத்தக்குழாய் சுருண்டு, ஆபரேஷன் முடிந்து, செருப்புக் கடை வேலைக்குத் திரும்பிய அன்றே என் கால் மேனேஜர் கண்ணை உறுத்திவிட்டது.

யூனிஃபார்ம் பாவாடை முட்டியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே, டாக்டர் போடச் சொன்ன இறுக்கமான காலுறை. வீக்கம் வராமலிருக்கப் பகல் முழுக்கப் போட்டே ஆகவேண்டும்.

"கஸ்டமர் முகம் சுளிப்பாங்கம்மா. கழட்டுங்க, இல்லன்னா குடோனுக்குப் போயிடுங்க."

குடோனில் ஜன்னல்கூடக் கிடையாது. பேச ஆள் இல்லாத இடத்தில் பெட்டி அடுக்கவா இத்தனை வருஷம் இந்த வாயை வளர்த்தேன்? காலுறையைக் கணுக்கால்வரை சுருட்டி, சாதாரண சாக்ஸ் மாதிரி ஆக்கினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் சுருட்டிய இடம் கயிறு போட்டுக் கட்டியதுபோல் இறுகி, பாதம் புசுபுசுவென்று வீங்கிவிட்டது. வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போனேன்.

கணவர் பார்த்துவிட்டுக் கத்தினார். பிடி வழுக்காமலிருக்கப் பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, தினமும் நான் கட்டிலைவிட்டு இறங்குமுன் மல்லுக்கட்டிக் காலுறையை ஏற்றிவிடுகிறவர் அவர். கல்யாணமானதிலிருந்து அந்தக் கையுறையை அவர் தொட்டதே இதற்காகத்தான்.

"நான் காலையில உயிரக் குடுத்து ஏத்துறேன். நீ அந்த ஆளுக்காக இறக்கி விடுறியா?"

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முதலில் என்மேல். அப்புறம் சரியான ஆள்மேல்.

வீக்கம் வடிந்து மறுபடி கடைக்குப் போனபோது காலுறை முட்டிவரை ஏறியிருந்தது. நல்ல கூட்டம். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, ஒரு அம்மாளின் பாதத்தை அளந்துகொண்டிருந்தேன். மேனேஜர் குனிந்து பல்லைக் கடித்தார்.

"என்ன சொன்னேன்? குடோனுக்குப் போங்க."

நான் குரலைத் தாழ்த்தவில்லை. "இது செருப்புக் கடை சார். எத்தனை பேரோட காலைக் கையில வாங்கியிருக்கேன்! வெடிப்பு, ஆணி, நாத்தம், எதுக்கும் நான் முகம் சுளிச்சதில்ல. என் ஒரு காலை அவங்க பாத்தா என்ன கெட்டுப்போச்சு?"

அம்மாள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். அவருக்கும் ஆணி இருந்தது. நான் விடாமல் பிடித்து மறுபடி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"காலுறையையும் கழட்டமாட்டேன், இங்கேயிருந்தும் எழுந்திரிக்கமாட்டேன். இவங்களுக்குக் கறுப்புல ஏழாம் நம்பர் வேணும். அது குடோன்லதான் இருக்கு. நீங்க போய் எடுத்துட்டு வாங்க சார்."

கடையே அவரைப் பார்த்தது. அவர் போனார்.