டெல்மரின் கம்ப்ரசரும் ஆர்டித்தின் ரோஸ் தண்ணியும்

திங்கட்கிழமை மதியத்தோடு மூஸ் முனை முகாமில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேல் மே மாதம் வரை அந்த ஏரிக்கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது. கனடாவின் சஸ்காட்செவன் குளிர் மட்டும்தான் குடியிருக்கும். டிரெய்லர் என்கிற சக்கர வீட்டின் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கினாலும் போதும், உறைந்து புடைத்துக் குழாயைப் பிளந்துவிடும். அதனால் அக்டோபர் நீண்ட விடுமுறையில் வான்கோழி வறுவலையும் பூசணி இனிப்பையும் தின்ற கையோடு எல்லோரும் குழாயைக் காலி செய்து டிரெய்லரை மூடுகிற வேலையில் இறங்குவார்கள். எல்லோரும் என்றா சொன்னேன்? தப்பு. டெல்மர் செய்வான், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

டெல்மருக்கு அறுபது தாண்டிய வயது, ஒரு சிவப்புக் கம்ப்ரசர், அதைவிடப் பெரிய வாய். கம்ப்ரசரைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு டிரெய்லருக்கும் போவான். குழாயில் காற்றை ஏற்றுவான், தங்கியிருந்த தண்ணீர் சீறிக்கொண்டு வெளியே வரும், சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். கூலி கிடையாது. டிரெய்லருக்கு ஒரு பீர் என்பது முகாம் வழக்கம். குளிர் அதிகமானால் பீருக்குப் பதில் விஸ்கி. எல்லா டிரெய்லரும் முடிந்த பிறகுதான் தன் சொந்த டிரெய்லருக்கு வருவான். அதற்குள் எது குழாய், எது தன் கால் என்று அவனுக்குத் தெரியாது.

ஆகவே முகாமில் எல்லோருடைய குழாயும் பிழைத்துக்கொள்ளும், இவர்களுடையது மட்டும் பிளக்கும். முந்தின வருஷம் கழிப்பறை வால்வு, போன வருஷம் பம்பு. அவன் மனைவி ஆர்டித் மண்டியிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க, இவன் வாசலில் நின்று டிரெய்லர் செய்தவனைத் திட்டுவான். "இப்பல்லாம் எவன் ஒழுங்கா பண்றான்? எல்லாம் பிளாஸ்டிக்கு!" ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இந்த வருஷம் அப்படி விட முடியாது. மே மாதம் பிறந்ததும் ஆர்டித் இந்த டிரெய்லருக்குத் தனியாக வந்து குடியேறப் போகிறாள். குளிர்காலத்துக்கு மட்டும் ரெஜைனா நகரில் தங்கை வீடு, கோடைக்கு இது. அத்தை விட்டுப்போன காசில் வாங்கியது, அவள் பெயரில்தான் இருக்கிறது. டெல்மருக்கு இன்னும் விஷயம் தெரியாது. இரண்டு வருஷம் நனைந்ததில் தரைப்பலகை பஞ்சாகியிருந்தது. இன்னொரு தடவை தண்ணீர் பட்டால் டிரெய்லரைக் குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டும். டிரெய்லர் போனால் அவளுக்கும் போக்கிடம் கிடையாது, பழையபடி டெல்மரோடு டெல்மர் வீட்டில்தான்.

அவனை அவள் வெறுத்தாள் என்று சொன்னால் அவனுக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும். வெறுக்கிற அளவுக்கு அவனிடம் சரக்கு இல்லை. வீட்டுக் கூரை ஒழுகினால் பக்கெட்டை நகர்த்தி வைப்பான், பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகினால் ஏணியோடு ஓடுவான். கைதட்ட ஆள் இல்லாத இடத்தில் அவனுக்குக் கை ஓடாது. முப்பது வருஷம் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இருந்தாலும் காலையில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தாள்.

"இந்தத் தடவை மொதல்ல நம்மளோடத முடிச்சிட்டுப் போயேன்."

"நம்மளுது எங்க ஓடிடப் போகுது? அங்க முதல் டிரெய்லர்ல ஒரெஸ்ட் காத்துக்கிட்டு இருக்கான்" என்றான், போய்விட்டான்.

போனதும் ஆர்டித் கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாக்களை இழுத்தாள். குளிரில் உறையாத ரோஸ் நிறத் திரவம், முகாமில் அதற்கு ரோஸ் தண்ணி என்று பெயர். கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் மூஸ் முனையில் அதை வாங்குவது மானக்கேடு. கம்ப்ரசர் பிடிக்கத் தெரியாத டவுன்காரன் ஊற்றுகிற சமாச்சாரம் என்று டெல்மர் தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தான்.

வெந்நீர் ஹீட்டரை விடியற்காலையே அணைத்துவிட்டாள், ஆறியிருந்தது. வெளியே போய் அதன் அடி மூடியை ஸ்பேனரால் கழற்றினாள். சுண்ணாம்புத் துகளோடு தண்ணீர் கொட்டித் தீர்ந்தது. பிறகு உள்ளே வந்து, ஹீட்டருக்குள் எதுவும் போகாதபடி வால்வைத் திருப்பி வைத்தாள். இந்த ஒரு திருப்பை மறந்தால் மொத்த ரோஸ் தண்ணியும் ஹீட்டர் வயிற்றுக்குள் போய்விடும், குழாய்க்கு ஒன்றும் மிஞ்சாது. பம்பின் குழலை டப்பாவுக்குள் விட்டுச் சுவிட்சைத் தட்டினாள். சமையல் தொட்டிக் குழாயைத் திறந்தாள். முதலில் வெறும் தண்ணீர் வந்தது, லேசாக நிறம் ஏறியது, பிறகு நல்ல ரோஸ் நிறத்தில் வந்தது. சூடு, குளிர் இரண்டும். அடுத்து குளியலறை, அடுத்து கழிப்பறை. தொட்டிகளுக்கு அடியில் வளைந்திருக்கும் குழாயிலும் ஒரு டம்ளர் ஊற்றினாள்.

பதினைந்து வருஷமாக டெல்மருக்கு டார்ச் அடித்துக்கொண்டு நின்றவள் அவள். டார்ச் அடிப்பவளுக்கும் கண் உண்டு என்பது அவனுக்குத் தோன்றியதே இல்லை. அதுவும் போக, செய்யவேண்டிய முறையெல்லாம் டப்பாவின் முதுகிலேயே படம் போட்டு எழுதியிருந்தது. இதற்காகவா வருஷாவருஷம் முகாமே கூடி நின்று கைதட்டியது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பக்கத்து டிரெய்லர் கிளெனிஸ் மிஞ்சிய பூசணி இனிப்பைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி ஆர்டித் பண்றே?"

"பாத்தா தெரியலையா? குழாயை மூடறேன்."

"ரோஸ் தண்ணியா? டெல்மர் பாத்தா என்ன ஆகும்?"

"பாக்கட்டும். பாக்கற நெலமைல இருந்தா."

"அது டவுன்காரங்க ஊத்தறதுன்னு அவர் சொல்வாரே..."

"அவர் சொல்றதைக் கேட்டுத்தான் வருஷாவருஷம் தரை தொடைக்கறேன். நீ வந்து தொடைக்கறியா?"

கிளெனிஸ் தட்டை வைக்கவும் மறந்து அப்படியே திரும்பினாள். அவள் காதில் விழுந்ததை முகாம் தகவல் பலகையில் வேறு ஒட்டவேண்டிய அவசியமில்லை. சற்று நேரத்தில் டெல்மர் வந்துவிட்டான். பின்னால் கம்ப்ரசரை இழுத்துக்கொண்டு ஒரெஸ்ட், தட்டோடு கிளெனிஸ், பொழுதுபோகாத இன்னும் நாலைந்து பேர். டெல்மரின் மூக்கு கம்ப்ரசர் நிறத்தில் இருந்தது.

"என்ன ஆர்டி, என் வேலைல கை வெக்கறியாமே?"

"வேலை முடிஞ்சாச்சு. நீ போய் உக்காரு."

அவன் படியேறி உள்ளே வந்து தொட்டியை எட்டிப் பார்த்தான். திரும்பி வெளியே இருந்தவர்களைக் கூப்பிட்டான்.

"வாங்கப்பா, வந்து பாருங்க! எங்க வீட்டுக் குழாயில ஸ்ட்ராபெர்ரி ஜூஸ் வருது! ஆளுக்கு ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த வருஷம் அவர்கள் குழாயை யார் ஊதுவது?

"சரி தள்ளு. இந்தக் கண்றாவியை ஊதி வெளிய தள்ளிட்டு ஒழுங்கா மூடறேன்" என்று இறங்கிப் போய்க் காற்றுக் குழலைக் கையில் எடுத்தான். ஆர்டித்தும் இறங்கினாள். தண்ணீர் ஏற்றும் துளைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்தியா நீ?"

"எந்த முள்ளு?"

"கம்ப்ரசர் முள்ளு. லாரி டயருக்கு அடிக்கற காத்து அது. இந்தக் குழாய்ல விட்டா இருக்கற மூட்டெல்லாம் கழண்டு போகும்."

ஒரெஸ்ட் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது. "அண்ணே, ஜாஸ்தியாத்தான் இருக்கு. என்னோடதுக்கும் இதே காத்தா வெச்சீங்க?"

"நீ சும்மா இருடா!" டெல்மருக்கு ரோசம் பொங்கிவிட்டது. "பதினஞ்சு வருஷமா இதை நான்தான் மூடறேன். யாரைக் கேட்டுடி தொட்டே?"

ஊருக்குத் திரும்பியதும், வீட்டுக்குள் வைத்து, அடங்கிய குரலில் சொல்வதாகத்தான் ஆர்டித் திட்டம் போட்டிருந்தாள். இவ்வளவு நாகரிகம் இந்த ஆளுக்கு எதற்கு என்று இப்போது தோன்றியது.

"யாரைக் கேக்கணும்? டிரெய்லர் என்னுது. மே மாசம் நான் மட்டும் இங்க வரேன். தனியா. உன்கூட இருக்கறதா இல்ல டெல்மர். இனிமே எப்பவுமே இல்ல."

ஏரிப்பக்கம் வாத்துகள் தெற்கே கிளம்பிக்கொண்டிருந்தன. டெல்மர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், யாராவது சிரிப்பார்களா என்று. ஒருவரும் சிரிக்காததால் தானே சிரித்தான்.

"தனியாவா? அக்டோபர் வந்தா யாரு வந்து மூடுவா உனக்கு?"

ஏன் என்று அவன் கேட்கவில்லை. போகாதே என்று சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு அவன் போட்ட கணக்கு அவ்வளவுதான்: வருஷத்தில் ஒரு நாள், அதுவும் ஒழுங்காகச் செய்யாத ஒரு வேலை. ஆர்டித்துக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் அந்தக் கேள்வியில் போய்விட்டது.

"இப்ப யாரு மூடினா?" என்றாள்.

கூட்டம் கலைந்தது. ஒரெஸ்ட் தன் டிரெய்லரைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போனான். கிளெனிஸுக்குப் போக மனமில்லை, ஆனாலும் போனாள். டெல்மர் மட்டும் காற்றுக் குழலைக் கையில் பிடித்தபடி நின்றான். ஆர்டித் காலி டப்பாக்களைப் பொறுக்கிக் குப்பைப் பையில் போட ஆரம்பித்தாள்.

"வெளி ஷவர் திறந்தியா?" என்றான்.

அவள் கை நின்றுவிட்டது. டிரெய்லரின் பின்பக்கச் சுவரில் சின்னக் கதவு, உள்ளே மணல் ஒட்டிய கால் கழுவ ஒரு குழாய். அதற்குத் தனி இணைப்பு, சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அவள் அதைத் திறக்கவே இல்லை.

உள்ளே போய், மிச்சமிருந்த டப்பாவில் குழலை விட்டுப் பம்பைப் போட்டாள். பின்பக்கம் சுற்றி வந்து சின்னக் கதவைத் திறந்து குழாயைத் திருகினாள். தெளிந்த தண்ணீர் வந்தது. வந்துகொண்டே இருந்தது. இத்தனையும் சுவருக்குள் கிடந்து உறைந்திருந்தால் சுவரும் போயிருக்கும், தரையும் போயிருக்கும், மே மாதமும் போயிருக்கும். பிறகு ஒருவழியாக ரோஸ் நிறம் வந்தது. சூட்டுக் குழாயையும் திறந்தாள், அதிலும் முதலில் தண்ணீர், பிறகு ரோஸ்.

டெல்மர் பின்னாலேயே வந்து நின்றிருந்தான். போதை இறங்கி முகம் பளிச்சென்று இருந்தது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"பாத்தியா? நான் சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும்?"

உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, இவன் வாயிலிருந்தா இது வரவேண்டும்? ஆனால் உண்மை உண்மைதான். குழாயை மூடினாள், கதவைச் சாத்தினாள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல வேளை சொன்னே டெல்மர்" என்றாள். "இனிமே மறக்க மாட்டேன்."

அவன் பெருமையாகத் தலையாட்டினான். ஆட்டி முடிப்பதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. அவளுக்குத் தெரியாததாக அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் இப்போது தன் வாயாலேயே கொடுத்துவிட்டான்.