நெற்றிக்காசு

உடையப்பன் கங்காணி அந்த இடத்தைக் காட்டிய வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன் புதைத்த ஒரு மனிதனை, கல்லோ பலகையோ இல்லாத லாலான் புல்லுக்குள், காலையில் மறந்து வைத்துவிட்டு வந்த குடையை எடுக்கப் போகிறவர்போல நேராகப் போய்க் காட்டினார்.

"இங்கதான் தம்பி. நோண்டிப் பாருங்க."

செமோருக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்கு நான் போனது 1927 மார்ச் மாதம். ஈப்போ நில அளவை அலுவலகத்தில் எனக்குச் சங்கிலி பிடிக்கும் வேலை. போர்க்காலத்தில் இறந்து அடையாளமில்லாமல் புதைக்கப்பட்டவர்களைத் தேடிக் கல் நடுவதற்கு ஒரு துரை வந்திருந்தார். பிரான்சில் இரண்டு வருடம் இதே வேலையைப் பார்த்தவர். அவருக்கு ஒரு ஆள் வேண்டுமென்றார்கள். பட்டியலில் பாஸ்கல் என்ற பெயரைப் பார்த்துவிட்டு நானாகக் கேட்டுப் போனேன்.

பாஸ்கல் ரயில் பாலங்களுக்குக் காவல் நின்ற படையில் இருந்தவன். 1917-ல் இந்தத் தோட்டத்துப் பாலத்தருகே அவனுடைய ஆட்கள் ஒரு வாரம் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கேதான் அவன் காணாமல் போனான். காய்ச்சலில் செத்தான் என்று ஒரு பேச்சு. சயாமுக்கு ஓடிவிட்டான் என்று இன்னொரு பேச்சு. படை ஏட்டில் 'காணவில்லை' என்று மட்டும் எழுதி மூடிவிட்டார்கள். அவன் மனைவி எல்ஸி அன்றிலிருந்து விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. அவளும் நானும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்து மூன்று வருடம் ஆகிறது. பாஸ்கல் இறந்ததற்குச் சாட்சி கொண்டுவராமல் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார்.

ஆகவே அந்த மண்ணுக்குள் பாஸ்கல் இருக்க வேண்டுமென்று எல்லாரையும்விட அதிகம் விரும்பியவன் நான். அதனாலேயே யார் சொல்வதையும் நம்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

முதலில் கங்காணியைத் தனியாகக் கேட்டேன். "சாயங்காலம் காய்ச்சல்ல விழுந்தாரு. விடியுமுன்ன போயிட்டாரு. மேட்டுல பொதச்சோம்." பிறகு பிச்சைமுத்துவைக் கேட்டேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன், வாயாடி. அவனும் சாயங்காலம், விடியுமுன், மேடு என்று அதே மூன்றையும் அதே வரிசையில் சொன்னான். பார்த்ததைச் சொல்கிற இரண்டு பேர் இப்படிச் சொல்வதில்லை. ஒருவன் மழையில் தொடங்குவான், ஒருவன் மண்வெட்டியில் தொடங்குவான். மூன்றாவதாக நல்லம்மாள் என்ற பெண்ணைக் கேட்டேன். நாற்பது வயதிருக்கும். பால்வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள். வெட்ட மரம் பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் மேட்டுக்குப் போனேன். வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் தரையின் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் சமமாகிவிடும். கங்காணி காட்டிய இடத்தில் ஒரு நீள நிழல் இருந்தது. அங்கே லாலானும் ஒரு பிடி உயரம் கூடுதல், பச்சையும் கூடுதல். அதுவும் போதாது. பட்டுப்போன ரப்பர் மரத்தைத் தோண்டி எடுத்த குழியும் இப்படித்தான் ஏமாற்றும்.

என்னிடம் ஐந்தடி இரும்புக் கம்பி ஒன்று இருந்தது. மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே கூர்முனை. அரை அடிக்கு ஒரு முறை இறக்கினேன். யாரும் தொடாத செம்மண் கம்பியை ஓரடியிலேயே நிறுத்திவிடும். ஒரு தடவை தோண்டி மூடிய மண் அப்படி இறுகுவதே இல்லை, எத்தனை மழை பெய்தாலும். நிழலுக்குள் கம்பி மூன்றரை அடி இறங்கியது. பக்கத்தில் ஒரு சாண் தள்ளிப் போட்டால் நின்றது. குச்சிகள் நட்டுக்கொண்டே போனேன். ஆறடி நீளம், இரண்டடி அகலம். கம்பியின் முனையில் கறுப்பு மேல்மண்ணும் மஞ்சள் அடிமண்ணும் கலந்து ஒட்டியிருந்தன. மரக்குழி சதுரமாக இருக்கும். இது மனிதக் குழி.

எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பொய் சொல்கிறார் என்று நான் நினைத்த ஆள், உண்மையான குழியைக் காட்டியிருக்கிறார்.

குச்சிகள் தெற்கு வடக்காக நின்றன. "பாஸ்கல் வேதக்காரன் அண்ணே," என்றேன். "காலு கெழக்கப் பாத்துல்ல இருக்கணும்?"

"அந்த நேரத்துல சாமியாருக்கு எங்க போறதுலா? எங்க வழக்கப்படி தெக்க தல வச்சோம். கொற ஒண்ணும் வைக்கல." சிரித்தார். "ஈப்போவுலேருந்து ஆளு வருதுன்னதும் விசாரிச்சேன் தம்பி. நீங்க தேடுறது செத்தவரயா, இல்ல அந்தம்மாவுக்கு விடுதலையா?"

பிச்சைமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டான், சிரிப்பை மறைக்க. நான் மண்வெட்டியை அவனிடம் நீட்டினேன்.

பிச்சைமுத்து மூன்றடி வெட்டியதும் அவனை நிறுத்திவிட்டு நானே இறங்கினேன். மூங்கில் சிம்பால் மண்ணைத் தள்ளினேன். எலும்பு பழுப்பேறி, நனைந்த ரொட்டிபோல இளகியிருந்தது. படைச் சட்டையின் பித்தளைப் பொத்தான் ஒன்றுகூட இல்லை. கேட்டேன். காய்ச்சல் துணி என்று எரித்துவிட்டார்களாம். கழுத்தில் மாதா பதக்கமும் இல்லை. கேட்கவில்லை. அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்.

பிச்சைமுத்து தண்ணீர் குடிக்கப் போனான். கங்காணி நிழலில் சுருட்டுப் பற்றவைத்தார். மண்டையோட்டுக்குப் பக்கத்தில் மண் பச்சையாக இருந்தது. விரலால் தடவினேன். நான்கு முனையுள்ள ஒரு காசு. எச்சில் தொட்டுத் தேய்த்தபோது ராஜா தலையும், மறுபக்கம் 1919 என்ற எண்ணும் தெரிந்தன.

பாஸ்கல் காணாமல் போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு அடித்த காசு.

"என்னாது தம்பி?"

"கல்லு," என்று சொல்லிக் கையை மூடினேன். வாய் அவ்வளவு சுலபமாகச் சொன்னது. நிமிர்ந்தபோது குழிக்கு மேலே நல்லம்மாள் நின்றிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள்.

அந்திப் பால் எடை முடிந்து நான் ரயிலுக்குக் கிளம்பும்போது பாலத்தருகே காத்திருந்தாள்.

"அந்தக் காசு நான் வச்சது," என்றாள்.

"யாரு நெத்தியில?"

"பத்துமலைன்னு ஒரு ஆளு. மரம் விழுந்து செத்தாரு. சொந்தம்னு யாருமில்ல. ஊருல நெத்திக்காச வெட்டியான் எடுத்துக்குவான். இங்க வெட்டியான் ஏது? எடுக்குறதா வேணாமான்னு எங்களுக்குத் தெரியல. அப்படியே மண்ணத் தள்ளிட்டோம்."

"அப்ப பாஸ்கலு?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னா, ஏன் இந்தப் பொய்யி?"

"காலையில ஆளு கணக்கெடுக்குற பெரட்டுல உங்க தொர என்னா சொன்னாரு? ஆளு கெடைக்கலன்னா மேடு முழுக்க வரிசையா வெட்டிப் பாக்கணும்னாரு. எம்மக ரெண்டாவது வரிசையில கெடக்குறா. தோட்டத்துல எல்லாருக்கும் அங்க பொதச்சவங்க யாராச்சும் ஒருத்தரு இருக்காங்க. பத்துமலைக்காகக் கேக்க ஆளில்ல. அதான் அவர குடுத்தோம்." கிளம்பப் போனவள் திரும்பினாள். "எழுதிடுங்க சார். உங்களுக்கும் நல்லதுதானே."

ரயில் தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டும்வரை அந்தக் கடைசி வார்த்தையையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் நல்லது. துரைக்கு ஒரு பெயர் குறையும். தோட்டத்து ஆட்களின் பிணங்கள் கலையாது. சாமியார் ஓலை வாசிப்பார். நஷ்டப்படுகிறவன் பத்துமலை ஒருவன்தான். அவனுக்கும் யாரும் போட்டிராத ஒரு கல் கிடைக்கும், வேறு பெயரில்.

ஈப்போவில் எல்ஸி தையல் இயந்திரத்தின் முன் இருந்தாள். துரையின் படிவத்தையும் காசையும் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் காசை விளக்கருகே பிடித்து எண்ணைப் படித்தாள். அதைப் படிவத்தின்மேல் திரும்ப வைத்தாள்.

"எதுக்கு இத எங்கிட்ட கொண்டாந்தீங்க?" என்றாள்.

"நீ முடிவு சொல்லணும்னு."

"முடிவா? பொய்ய நான் சொல்லணும், நீங்க எழுதணும். அதானே?"

நான் எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஒரே பார்வையில் என்னைப் பிடித்துவிட்டாள்.

"சரி, எழுதுறோம்னு வச்சுக்குங்க," என்றாள். "கல்யாணம் ஆயிடுது. ஒருநா வாசக்கதவ யாரோ தட்டுறாங்க. யாரு போயி தெறக்குறது, நீங்களா, நானா?"

படிவத்தில் எழுதினேன்: ஆள் பாஸ்கல் அல்ல. 1919-க்கு முன் புதைக்கப்பட்டவர் அல்ல. பெயர் பத்துமலை என்று சொல்கிறார்கள். பேனாவை வைத்தபோது நல்லம்மாளின் இரண்டாவது வரிசை நினைவு வந்தது. எழுதியது எழுதியதுதான்.

துரை படித்துவிட்டு மேட்டில் வரிசைக்குக் கயிறு கட்டச் சொன்னார். நான்கு நாள் வரிசை வரிசையாகக் கம்பி போட்டேன். இறங்கிய இடமெல்லாம் வெட்டினார்கள். வெட்டியவர்களில் பிச்சைமுத்துவும் இருந்தான். மண்ணை என் காலடியில் கொட்டிக்கொண்டே போனான். பத்துமலையின் குழியை மூடுமுன் காசைத் திரும்ப வைத்தேன். "கல்யாணத்துக்கு எங்களயும் கூப்புடுவீங்கன்னு நெனச்சோம்லா," என்றார் கங்காணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாவது வரிசையின் நடுவில் நல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். கயிறு அவள் மடிமேல் போனது.

"எந்திரிங்க அக்கா."

எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கயிற்றை அவிழ்த்து நாலடி தள்ளிக் கட்டினேன். அந்த இடத்தில் வேர் அதிகம், கம்பி இறங்காது என்று துரையிடம் சொன்னேன். அவர் நம்பினார்.

வேறெங்கும் பாஸ்கல் இல்லை. சின்ன எலும்புகள் இருந்தன, வளையல்கள் இருந்தன, மூடிவிட்டு வந்தோம். ஏட்டில் 'காணவில்லை' அப்படியே நின்றது.

"எல்லா எடமும் பாத்துட்டீங்களா?" என்று எல்ஸி கேட்டாள்.

"நாலடி பாக்கி."

அவள் கால் இயந்திரத்தின் மிதியில் நின்றது. "ஏன்?"

"ஒரு பொம்பள உக்காந்திருந்தா. கீழ அவ மக இருக்காளாம்."

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல," என்றேன். "அவ அப்படிச் சொன்னா."