எட்டு வந்தால்

எங்கள் வெல்டிங் பட்டறையில் ஒரு வழக்கம். ஆபத்தான வேலை வந்தால் போக்கர் ஆடுவோம். காசுக்குப் பதில் இரும்பு வாஷர். வாஷர் தீர்ந்தவர் ஏற வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் மாப்பிள்ளைக்குத் தீர்ந்தது. மறுநாள் ஆலையின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து விழுந்து இறந்தார்.

அந்தத் தொட்டியில் இன்னும் பாதி வேலை பாக்கி. இன்று அவர் நாற்காலியில் அவர் மனைவி, என் தங்கை. அவளும் வெல்டர்தான்.

"பயமா இருந்தா சொல்லுண்ணா. சீட்டே வேண்டாம், நானே ஏறிடறேன்."

"வாயை மூடிட்டு சீட்டைப் போடு."

மேசைமேல் இருவருக்கும் பொதுவாக ஒன்பது, பத்து, ராஜா, இரண்டு. என் கையில் ஆறும் ஏழும். எட்டு வந்தால் ஆறு முதல் பத்து வரை வரிசை சேரும். இன்னும் ஒரே சீட்டு. கண்ணுக்குத் தெரியாத நாற்பத்தாறில் நாலே எட்டு.

தங்கை ஐந்து வாஷரைத் தள்ளினாள். நடுவில் இருபது சேர்ந்தது. வெறும் இருபதுக்காக ஐந்தைப் போடுவது பைத்தியக்காரத்தனம். ஆனால் எட்டு விழுந்து, அவளிடம் மிச்சமிருக்கும் நாற்பதும் வருமென்றால் கணக்கு சரி.

மாப்பிள்ளையிடம் அப்படித்தான் துரத்துவேன். மனுஷர் சீட்டை மடக்கி விலகவே மாட்டார். மோதிரத்தால் மேசையை இரண்டு தட்டு தட்டி, "இந்தா மச்சான்" என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவார். கடைசி ஆட்டத்திலும் அப்படியே.

அந்த மோதிரம் இப்போது தங்கையின் கட்டைவிரலில்.

ஐந்தைப் போட்டேன். சீட்டு திரும்பியது.

எட்டு!

நாற்பதைத் தள்ளினேன்.

டக். டக்.

மாப்பிள்ளையின் அதே தட்டு. தட்டிய தங்கை, கையிலிருந்த இரண்டு ராஜாக்களையும் விரித்துப் போட்டாள்.

"மடக்கிட்டேன்."

"மூணு ராஜாவை வச்சுக்கிட்டா?"

"நல்ல சீட்டு வந்தா நீ மூச்சு விடமாட்டேன்னு அவர் சொன்னார். இன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்."

"அப்ப... அன்னிக்கு?"

"உனக்கு நல்ல சீட்டுன்னு தெரிஞ்சேதான் கட்டினார். 'உங்கண்ணனுக்கு ஏணியில ரெண்டாவது படியிலேயே கால் நடுங்குது. கேட்டா ஒத்துக்கமாட்டான். நானே தோத்துட்டுப் போறேன்'னார்."

என் வாஷர்களை எல்லாம் அவள் பக்கம் தள்ளினேன். ஆணியில் தொங்கிய இடுப்புப் பட்டையை எடுத்தேன். கால் நடுங்கத்தான் செய்தது.

"அண்ணா, ஆட்டம் முடியலையே!"

"நான் தோத்துட்டேம்மா."

வாசலைத் தாண்டும்போது பின்னால் கேட்டது.

டக். டக்.

திரும்பினேன். தங்கை, மோதிரக் கையும் சேர்த்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.