அய்யாக்கள் டூட்டிக்கு வராத காலை

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறை. அதன் ஃபோர்மேன், ஹைதராபாத்காரர் சாகிர் பாய், குரலெடுத்தால் பக்கத்து கேரேஜில் வண்டிகள் தாமாகவே ஸ்டார்ட் ஆகிவிடும். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் குரல் தினமும் கூப்பிட்டது: "சோலைமுத்து! ஜல்தி ஆவோ, சோம்பேறி!"

சோலைமுத்து, வெல்டர் வீரபாண்டியின் அப்பா. பரமக்குடிப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார். குடும்பப் பெயர் என்று நம்மாட்களுக்கு ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்துக்கு வீரபாண்டி அப்பா பெயரைக் கொடுத்தான். கம்பெனி அதையே பிடித்துக்கொண்டது. அம்மாகூட வாய்விட்டுச் சொல்லாத பெயர்! அதை ஒருவர் சோம்பேறியோடு சேர்த்துக் கூப்பிட்டால் வயிறு எரியாதா?

"பாய், என்னைய என்ன வேணா வையுங்க. எங்கய்யாவ ஏன் வையுறீக?"

"அரே, போலந்து எஞ்சினியர் குர்ப்பைப் பாரு. அவனும் அப்பன் பேர்லதான் வேலை பார்க்கிறான். அழுவுறானா?"

வீரபாண்டி நேரே குர்ப்பிடம் போனான். "சார், குர்ப்ங்கிறது உங்கய்யாவா?"

குர்ப் சிரித்துவிட்டு அரைகுறை இந்தியில் சொன்னான். அது ஒரு சனத்தின் பெயராம். காட்டுக்குள் இருந்தவர்கள், மரப்பட்டையில் செருப்புப் பின்னிப் போட்டவர்கள். அந்தச் செருப்பின் பெயரைச் சொல்லியே அக்கம்பக்கத்தார் கேலி பேசினார்கள். இவர்கள், "ஆமாம், அதுதான் நாங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். கேலி இனத்தின் பெயரானது. அப்புறம் வீட்டுப் பெயருமானது.

"அப்ப, நீங்க ஒத்துக்கிட்டதாலதான் அது ஒங்க பேரு."

"அச்சா! அதேதான்."

"நாங்க ஒத்துக்கல சார்."

மறுநாள் காலை ஆஜர் பட்டியல் வாசித்தார் சாகிர் பாய். "சோலைமுத்து!" வீரபாண்டி குந்தியே இருந்தான். "மூக்கையா!" மூக்கையா மகன் கார்மேகம் வானத்தைப் பார்த்தான். தமிழாள் ஒருவரும் அசையவில்லை. அந்த அமைதியில் ஏசி தண்ணீர் சொட்டுவது ஓமான் வரை கேட்டதாகச் சொல்வார்கள். அவ்வளவு இருக்காது, பக்கத்து அஜ்மான் வரை இருக்கும்.

"எங்கடா எல்லாரும்?"

"நீங்க கூப்புடுற ஆளுக ஊர்ல இருக்காக பாய். விசா எங்களுக்குத்தான்" என்றான் வீரபாண்டி.

"விசா கொடுத்த கஃபீல்கிட்ட சொல்லி ஊருக்கே அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. நீங்க கூப்பிட்டீகன்னு அய்யாகிட்டச் சொல்லிர்றேன்."

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. ஏற்றவேண்டிய இரும்புக் கேட்டுகள் பாதி வெல்டிங்கில் கிடந்தன. சாகிர் பாய் தொண்டையைச் செருமினார்.

"வீரபாண்டி..."

"இந்தா வந்துட்டேன் பாய்."

எழுந்தான். ஆனால் வெல்டிங் ராடைத் தொடவில்லை.

"யல்லா, வேலையைப் பாரு!"

"பாக்குறேன். கார்மேகம் இன்னும் ஒக்காந்திருக்கான். அவனையும் கூப்பிடுங்க."