மூட்டிய கைலி

கல்லூரி ஃபேஷன் ஷோவுக்கு அகலமான பேண்ட் தைக்கச் சொல்லி, கட்டம்போட்ட கைலித் துணியை டெய்லர் ரிபாயியிடம் கொடுத்திருந்தாள் ஷிரின் பானு. முப்பது வருஷமாகச் சங்கரன்கோவில் ஆண்களுக்குக் கைலி மூட்டிய கை அது. பழக்கதோஷத்தில் இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டிக் கைலியாகவே கொடுத்துவிட்டார்.

ஷோ அன்று காலையில்தான் ஷிரின் பொட்டலத்தைப் பிரித்தாள். ஆத்திரம் பொங்கியது.

“வாப்பா கட்டுதத நான் கட்டினா என்னவாம்?”

அதையே கொசுவி, பெல்ட்டை இறுக்கி, வெள்ளைச் சட்டையும் ஷூவுமாக மேடையேறினாள். விசில் சத்தத்தில் பந்தல் அதிர்ந்தது. முதல் பரிசு அவளுக்கே.

மறுநாள் அவளுடைய வகுப்புப் பெண்கள் பதினோரு பேர் கைலித் துணியோடு ரிபாயி கடையில் நின்றார்கள்.

“பேண்ட்தானே மக்கா? இந்தத் தடவை சரியாத் தைச்சுருதேன்.”

“ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி!” என்று பதறினாள் காவியா. “ஷிரினுக்குச் செஞ்ச அதே தப்ப எங்களுக்கும் செஞ்சு தாங்க.”