பதினோரு பங்கும் ஒரு சாசேஜும்

1

"இருபத்தெட்டு வருஷமா ஒரு காசு ஈவுத்தொகை உண்டா? வருஷத்துக்கு ஒரு சாசேஜ், ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட்! இதுக்கா எங்கப்பா பசுமாட்ட வித்துப் பங்கு வாங்குனாரு?"

"உக்காரு அகத்தா. உனக்கு ரெண்டு கரண்டியா போடச் சொல்றேன்," என்றார் தலைவர்.

பள்ளிக்கூட ஹாலே சிரித்தது. இந்தக் கதை அந்தச் சிரிப்பில் பிறந்தது. 1984 மார்ச், ஹின்டர்பெர்க் ரோப் கார் கம்பெனியின் ஆண்டுக் கூட்டம், கூடவே பங்குதாரர்களுக்குச் சாப்பாடு. சாலட் செய்தவள் நான். ஒரு கரண்டி என்பது பொய், ஒன்றரை.

2

வேறொரு தொடக்கமும் எழுதிப் பார்த்தேன்: "மலைமீது பனி மெல்ல..." வேண்டாம். எங்கள் ஊர்ப் பனி எதையும் மெல்லச் செய்ததில்லை.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அகத்தா பிளான்சர், முப்பத்தெட்டு வயது, கீழே ஆல்ட்டோர்ஃபில் ஒரு கம்பளிநூல் கடையில் வேலை. முதலாளியம்மா கடையை விற்கிறாள். ஈஸ்டருக்குள் அகத்தா வாங்காவிட்டால் அது செருப்புக் கடையாகிவிடும், இவளுக்கு வேலையும் போய்விடும். அப்பா விட்டுப்போனது பன்னிரண்டு பங்குகள், அவ்வளவுதான்.

காஸ்பர் ஸ்கிராகன் கம்பெனித் தலைவன். ரோப் காரை ஓட்டுபவனும் அவனே. கல்யாணமாகாதவன். பள்ளியில் அவள் பெஞ்சுக்குப் பின் பெஞ்சு.

3

"லாபம் வந்துச்சா இல்லையா, தலைவரே?"

"வந்துச்சு."

"எங்க?"

காஸ்பர் ஜன்னலைக் காட்டினான். கூட்டத்துக்காக அவன் நிறுத்திவிட்டு வந்த ரோப் கார் பெட்டி, பள்ளத்தாக்கின் மேலே பால்கேன்களோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"அதோ தொங்குது பாரு. வடத்துக்கு முப்பது வயசாகப் போவுது. மாத்தலைன்னா அதிகாரி வந்து பூட்டுப் போட்டுருவான். மேல இருக்கற ஏழு வீட்டுக்கும் ரொட்டிய நீ தோள்ல தூக்கிட்டுப் போவியா?"

"எனக்குக் கடை போயிரும் காஸ்பர்." குரல் இறங்கிவிட்டது.

"ஒருத்தருக்கு ஈவு குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும். அப்புறம் வடம் இல்ல." நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "ஆனா அந்தக் காசு உன்னோடதுதான். உன் பங்குக்குள்ளதான் கெடக்கு. லூசெர்ன் ஓட்டல்காரர் ஒருத்தர் உங்கப்பா குடுத்ததுக்கு நாலு மடங்கு தர்றேங்கறாரு. வித்துரு."

"வித்தா?"

"வித்தா... நீ பங்குதாரர் இல்ல. கூட்டத்துக்கு வர வேண்டியதில்ல."

யாரும் சிரிக்கவில்லை.

(இடையில் ஒரு பேச்சு. சில கம்பெனிகள் ஏன் ஈவு தருவதில்லை என்று கேட்டால் படித்தவர்கள் சரியாகவே சொல்வார்கள்: பழையதை மாற்ற வேண்டும், புதியதைக் கட்ட வேண்டும், உள்ளே விட்ட காசு வீணாவதில்லை, பங்கின் விலையில் ஏறி நிற்கிறது. அந்தக் காசைக் கையில் பார்க்க வேண்டுமென்றால் பங்கை விற்று விலக வேண்டும் என்பதை மட்டும் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்வார்கள்.)

எனக்கு வேறொரு காரணமும் தோன்றியது. அப்பா போனபிறகு அகத்தா மலையேறுவது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அன்று மட்டும் காஸ்பர் சவரம் செய்திருப்பான். ஈவைத் தபாலில் அனுப்பிவிட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள்?

கதைக்காக அவனைக் காதலனாக்குகிறேனோ? இருக்கலாம். வடம் தேய்ந்திருந்ததும் உண்மைதான், அந்தச் சவரமும் உண்மைதான்.

4

பங்கை விற்கத் தலைவரின் சம்மதம் வேண்டும். எல்லோரும் போனபிறகு அவள் தாளை நீட்டினாள். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். மிக மெதுவாக.

முடிவு அ: அவன் மறுக்கிறான், அவள் அழுகிறாள். அகத்தாவை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

முடிவு ஆ: "அகத்தா, நான் வந்து..." அடித்துவிட்டேன். அந்த அளவுகூட அவன் சொல்லவில்லை.

நடந்தது இது. விரல் மசகைப் பேண்ட்டில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

"எத்தனை பங்குன்னு எழுதலையே?" என்றாள்.

"காலியா விட்டுருக்கேன். நீயே போட்டுக்க."

"ம்."

"கடைக்கு என்ன கலர் அடிக்கப் போற?"

"பச்சை."

அவ்வளவுதான். இதற்காக நான் ஒரே தட்டை நான்கு முறை கழுவினேன்.

5

கடை அவளுடையதாயிற்று. மறுவருஷம் சாசேஜ் பட்டியல் என்னிடம் வந்தது. எத்தனை பங்கிருந்தாலும் ஆளுக்கு ஒன்றுதான். முந்தைய வருஷம் நாற்பத்து மூன்று பேர். ஓட்டல்காரர் வந்து அகத்தா போனால் மறுபடி நாற்பத்து மூன்று. காஸ்பரின் கையெழுத்தில் நாற்பத்து நான்கு என்றிருந்தது.

கூட்டிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. பதினொன்றை விற்று, ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பச்சைக் கோட்டில் வந்தாள். முதல் ஆளாக எழுந்தாள்.

"இந்த வருஷமும் ஈவு கெடையாதா, தலைவரே?"

"கெடையாது," என்றான் காஸ்பர். இத்தனை சந்தோஷமாக யாரும் கெட்ட செய்தி சொல்லி நான் பார்த்ததில்லை.

6

1986இல் புது வடம் வந்தது. எண்பத்தெட்டில் காஸ்பர், கோஷெனன் ஊர்த் தபால்காரியைக் கட்டிக்கொண்டான், இரண்டு பெண்கள். அகத்தா ஒரு கடிகாரக்காரரை மணந்து, கடையை விற்று, கூர் நகரத்துக்குப் போய்விட்டாள். அங்கிருந்தும் ரயில் மாறி மாறி, ஒரு சாசேஜுக்காக, வருஷம் தவறாமல் வந்தாள்.

இப்போது புது நிர்வாகம். கூட்டம் தபாலிலேயே முடிகிறது. நான் கிழங்கு உரிப்பதில்லை. போன வருஷம் முதன்முறையாக ஈவுத்தொகை கொடுத்தார்கள். அகத்தா தன்னுடையதைத் திருப்பி அனுப்பினாள். கம்பெனிக்கு அல்ல, ஓய்விலிருக்கும் காஸ்பருக்கு, ஒரே வரியோடு: "சாசேஜாகக் கொடு."

இது தபால்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு அவன் என்ன பதில் எழுதினான் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை (கேட்டேன்). அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.