மேசைக்கடியில் இருந்த பெட்டி

டாக்மார் வின்டெல் கால்சட்டையும் வாயில் சுருட்டுமாக, கோபன்ஹேகனில் எங்கள் தச்சுப்பட்டறைக்குள் நுழைந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. நாற்காலி வரைகிறவளாம். அதுவரை என் புருஷன் ஐனரிடம் வரைபடம் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். இவள் வாரம் மூன்று நாள் வந்தாள். என் சமையலறையில் காபி குடிக்கும்போது குனிந்து குனிந்து மேசைக்கடியில் பார்த்தாள். அங்கே ஐனரின் கால்தானே இருக்கிறது? எனக்கு வயிறு எரிந்தது.

ஆகஸ்டில், மேசைக்கடியில் நான் கால் வைத்துக்கொள்ளும், மார்கரின் வெண்ணெய் வந்த பழைய மரப்பெட்டி காணாமல் போனது. ஐனர் செய்த நாற்காலிகளில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படாது. இருபது வருஷமாக அந்தப் பெட்டிதான் துணை. கேட்டேன். தெரியாது என்றான். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும், சிவந்தது.

அடுத்த வாரம் துவைக்க எடுத்த அவன் சட்டைப்பையில் ஒரு சீட்டு, டாக்மாரின் கையெழுத்தில். ஒரு பெண்ணின் முழங்கால் உயரம், இடுப்பு அகலம். நான் தையல்காரி, அளவைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன். டாக்மார் ஒட்டடைக்குச்சி, இது யாரோ ஒரு குட்டைக் குண்டச்சி. இன்னொருத்தியை வைத்திருக்கிறான், இவள் தூது போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஓடன்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்கு டிக்கெட் வாங்கினேன்.

ரயிலுக்கு முன்னால் அந்தக் குண்டச்சியைப் பார்த்துவிட வேண்டும் என்று, துணிப்பையோடு தச்சர் கண்காட்சிக்குப் போனேன்; ஐனர் செய்தது அங்கே இருந்தால் அவளும் வராமல் இருக்க மாட்டாள். டாக்மார் வரைந்து ஐனர் செய்த ஓக் மர நாற்காலியில் நெட்டைக் கனவான்கள் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்து பார்த்து, குழந்தைக்கா என்று சிரித்தார்கள். அவர்கள் நகர்ந்ததும், கால் கடுத்துப்போய் நான் உட்கார்ந்தேன்.

இரண்டு பாதமும் தரையில் பட்டன. ஊராரை எல்லாம் அளந்த நான் என்னை அளந்ததேயில்லை.

"பழைய நாற்காலி உயரத்துல உங்க பெட்டி உயரத்தைக் கழிச்சேன், அகலத்துக்குக் கொடியில காஞ்ச உங்க பாவாடையை அளந்தேன்," என்றாள், ஐனரோடு பக்கத்தில் வந்து நின்ற டாக்மார். "கேட்டா அளக்க விட்டிருக்க மாட்டீங்க, அதான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் ஐனர்கிட்ட சொன்னேன்."

ஐனரைப் பார்த்தேன். "இருபது வருஷத்துல நீ ஒரு தடவையாச்சும் குனிஞ்சு பாத்தியா?"

"அதான் பெட்டி இருந்துச்சே," என்றான். காது சிவக்கவில்லை.

டிக்கெட்டை அவன் கையில் வைத்தேன். "நீ போய்க் குனிஞ்சு பாத்துட்டு வா. என் தங்கச்சி வீட்டு நாற்காலியும் நீ செஞ்சதுதான். அவ என்னைவிடக் குட்டை."